சாள்ஸை மீளப் பெற்ற நாள்

இதை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். நான் கதை கட்டுகிற ஆள் இல்லை. கட்டத் தெரிந்திருந்தால் நடுச்சாமம், நாய் ஊளை, மழை என்று எல்லாவற்றையும் சேர்த்திருப்பேன். இது நடந்தது பட்டப்பகலில். போயா, பௌர்ணமி விடுமுறை நாள். வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

என் பெயர் முபாரிஸ். கற்பிட்டி வீதியில், குறிஞ்சிப்பிட்டிக்குக் கொஞ்சம் முன்னால், களப்புப் பக்கமாக இறங்குகிற மண் ரோட்டில் நான் வேலை செய்யும் களஞ்சியம் இருக்கிறது. முன்பு அது இறால் தீன் அடுக்கி வைத்த கட்டடம். இறாலுக்கு நோய் வந்து பண்ணை படுத்துவிட்டது. கொழும்பு முதலாளி ஒருவர் கட்டடத்தை வாங்கி, உள்ளே வரிசையாக, பெட்டி அடுக்க இரும்பு றாக்கைகள் போட்டார். இப்போது அங்கே இருப்பது காகிதம். நிதிக் கம்பனிகள், சட்டத்தரணிகள், தனியார் வைத்தியசாலைகள் எல்லாம் தங்கள் பழைய கோப்புகளைப் பெட்டி பெட்டியாக எங்களிடம் அனுப்பிவிடுவார்கள். கொழும்பில் இடம் நெருப்பு விலை. எங்கள் ஊரில் மலிவாகக் கிடைப்பது அது ஒன்றுதான்.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. பெட்டிகளை அனுப்புகிறவர்கள் தங்கள் பார்கோட் ஸ்டிக்கரை ஒட்டித்தான் அனுப்புவார்கள். அந்த இலக்கம் எங்கள் கணினிக்குத் தெரியாது. ஆகவே ஒவ்வொரு பெட்டிக்கும் நான் கணினியில் ஒரு பதிவு திறந்து, அதில் ‘வெளிப் பார்கோட்’ என்ற கட்டத்துக்குப் போய், ஸ்கேனரால் ஸ்டிக்கரைச் சுட வேண்டும். ‘கீக்’ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், பெட்டி மாட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு அது எந்த றாக்கையில் இருக்கிறது, யார் எடுத்துப் போனார், எப்போது திருப்பித் தந்தார் என்பதெல்லாம் கணினிக்குத் தெரியும். காலையிலிருந்து பின்னேரம் வரைக்கும் கீக், கீக், கீக். வீட்டுக்குப் போய்ப் படுத்தாலும் காதுக்குள் அதுதான்.

என்னோடு வேலை செய்தவன் சாள்ஸ். என்னைவிடப் பத்து வயது இளையவன். கடற்கரைப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். கலியாணம் முடித்து இரண்டு வருடம். கிழமை நாட்களில் எங்களோடு பெட்டி தூக்குவான். சனிக்கிழமைகளில் மாமனின் வள்ளத்தை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போவான். ஒரு சம்பளத்தில் இந்தக் காலத்தில் யாருக்கு அடுப்பெரிகிறது?

வாய் சும்மா இருக்காது அவனுக்கு. ஒரு நாள் ஒரு கம்பனியிலிருந்து வந்த ஸ்டிக்கர்களில் ஒன்று மிஞ்சியது. அதை எடுத்துத் தன் போனின் பின்பக்கத்தில் ஒட்டினான். நான் சாப்பிடப் போன நேரம் பார்த்து கணினியில் ஒரு பதிவு திறந்தான். தலைப்பு: ‘சாள்ஸ். பழைய சாமான். நனையக்கூடாது.’ வெளிப் பார்கோட் கட்டத்தில் போனைக் காட்டிச் சுட்டான். எடுத்துச் செல்பவர் என்ற இடத்தில் மனைவியின் பெயரைப் போட்டான். சுஜாந்தி.

அன்றிலிருந்து அவனுக்கு அது ஒரு விளையாட்டு. பின்னேரம் வீட்டுக்குப் போகும்போது போனைச் சுடுவான். வெளியே. காலையில் வந்ததும் சுடுவான். உள்ளே.

“நானா, இனி நான் சுஜாந்திட பொறுப்பில. என்னை வேணுமெண்டா அவவுக்குக் கடிதம் போட்டுக் கேளுங்க” என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை உதைப்பான்.

ஏசினேன். ஏசினேனே தவிர அந்தப் பதிவை அழிக்கவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் சிரிப்பு வந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் அப்படித்தான் சுட்டுவிட்டுப் போனான். சனிக்கிழமை இரவு தனியாகக் கடலுக்கு இறங்கினான். ஞாயிறு விடிய வள்ளம் மட்டும் கிடைத்தது. கவிழ்ந்து கிடந்தது. இஞ்சின் இருந்தது, வலை இருந்தது, ஆள் இல்லை. நேவிக்காரர்கள் தேடினார்கள். ஊர் வள்ளங்கள் எல்லாம் தேடின. நானும் ஒன்றில் ஏறிப் போய், நாள் முழுக்கத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அவனுடைய போனுக்கு எடுத்துப் பார்த்தேன். நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு பெண் மூன்று மொழியிலும் சொன்னாள்.

எனக்கு அழுகை வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் மரத்துப்போகுமே, அப்படி இருந்தது எல்லாம். வேலைக்குப் போனேன். பெட்டிகளைச் சுட்டேன். சோறு தின்றேன். என் மனைவி ஹவ்வா, “மையத்து வீட்டில இருக்கிற மாதிரி இருக்கிறீங்க, ஒருக்கா அழுதிடுங்களேன்” என்றாள். வந்தால்தானே அழுவதற்கு?

இரண்டு கிழமை போனதும் கணினி தன் வேலையைத் தொடங்கியது. திருப்பித் தராத பெட்டிகளுக்கு அது காலையில் ஓர் அறிவித்தல் போடும். சிவப்பு எழுத்தில்.

‘சாள்ஸ். எடுத்துச் சென்றவர்: சுஜாந்தி. இன்னும் திருப்பப்படவில்லை.’

ஒவ்வொரு நாள் காலையிலும் அதைப் பார்த்துவிட்டுத்தான் தேத்தண்ணி குடித்தேன். பிறகு பிறகு அதுவும் பழகிவிட்டது.

ஒரு மாதம் தாண்டிய பிறகு நானும் ஹவ்வாவும் சுஜாந்தியைப் பார்க்கப் போனோம். படலையிலேயே சாள்ஸின் தாய் அல்பொன்சா அக்கா எங்களை மறித்துக்கொண்டார்.

“தம்பி, நீங்க ஒருக்கா அவட்டச் சொல்லுங்க. உடம்பு கிடைக்காட்டிப் போகட்டும். பூசை ஒண்டு வைச்சு, சேமக்காலையில ஒரு சிலுவை நடுவம் எண்டா விடுறாளில்ல. என்ட புள்ளட ஆத்துமா அலையுது. நீங்க சொன்னாக் கேப்பா.”

உள்ளே சுஜாந்தி நன்றாக இருந்தாள். அதுதான் எனக்கு உறுத்தியது. தலை வாரி, முகம் கழுவி, அடுப்பில் மீன் கறி கொதிக்க, கலகலவென்று கதைத்தாள். அடுப்படியில் கழுவிக் கவிழ்த்த கோப்பைகள் இரண்டு. கொடியில் ஓர் ஆண்பிள்ளைச் சாரம் ஈரமாகத் தொங்கியது. பாவம், பழக்கம் விடவில்லை என்று நினைத்தேன்.

என்ன சொல்வதென்று தெரியாமல் அந்தச் சிவப்பு எழுத்துக் கதையைச் சொன்னேன். கணினிக்கணக்குப்படி சாள்ஸ் இன்னும் உங்கள் கையில்தான் இருக்கிறான், தங்கச்சி என்றேன். அழுவாள் என்று பயந்தேன். அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

“ஓம் நானா, என்னட்டத்தான் இருக்கார். அத அப்பிடியே விட்டிடுங்க.”

“பூசை...?”

“இருக்கிற ஆளுக்கு என்னத்துக்கு நானா பூசை?”

திரும்பி வரும்போது ஹவ்வா மெதுவாக, “புள்ளைக்குப் புத்தி தடுமாறிட்டு” என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அல்பொன்சா அக்காவின் முகத்தைப் பார்க்காமலே வந்துவிட்டோம்.

அதற்கு அடுத்த கிழமைதான் அந்தப் போயா. காலையிலேயே கொழும்பிலிருந்து மனேஜர் றொகான் சேர் கோல் எடுத்தார். வாடிக்கையாளர் பக்கத்திலிருந்து கணக்குப் பார்க்க ஆட்கள் வருகிறார்களாம். திருப்பித் தராத பெட்டி என்று ஒன்றுகூட இருக்கக்கூடாதாம்.

“அந்த சாள்ஸ்ட பகிடிப் பதிவு இன்னும் கிடக்குது முபாரிஸ். கவலைதான். ஆனா வெளியாக்கள் பாத்தா என்ன நினைப்பாங்க? இண்டைக்கே அழிச்சிடுங்க.”

அவர் கெட்ட மனிதர் இல்லை. சொன்னதிலும் பிழை இல்லை. மத்தியானம் களஞ்சியத்துக்குப் போனேன். வாசலில் காவலுக்கு அஹமட் காக்கா மட்டும் இருந்தார். உள்ளே நான் தனியே. மற்ற வேலைகளை எல்லாம் முடித்தேன். அதைக் கடைசிக்கு வைத்தேன்.

வெளியே போன பெட்டியின் பதிவை அழிக்க எங்கள் கணினி விடாது. முதலில் அதைத் திருப்பி உள்ளே எடுக்க வேண்டும். உள்ளே எடுக்க அந்த ஸ்டிக்கரைச் சுட வேண்டும். ஸ்டிக்கர் போனில் இருக்கிறது. போன் கடலில் இருக்கிறது. வேறு வழி ஒன்று உண்டு. பதிவில் இருக்கிற இலக்கத்தைப் பார்த்துக் கையால் அடிக்கலாம்.

அடித்தேன். எங்கே வைக்கப் போகிறாய் என்று கணினி கேட்டது. அதற்கு இடம் சொல்லாமல் நகராது. ஒன்பதாம் றாக்கையின் கீழ்த்தட்டில் ஓர் இடம் காலியாக இருந்தது. அதைப் போட்டேன். பொத்தானை அழுத்தினேன்.

‘மீளப் பெறப்பட்டது. றாக்கை 9. பி.ப. 3.12.’

கீக்.

என் கை விசைப்பலகையில் இருந்தது. ஸ்கேனர் மேசையில், என் வலப்பக்கத்தில், அசையாமல் கிடந்தது. சத்தம் அதிலிருந்து வரவில்லை. உள்ளே இருந்து வந்தது. றாக்கைப் பக்கமிருந்து.

களஞ்சியத்தில் இன்னொரு ஸ்கேனர் உண்டு. சாள்ஸ் பாவித்தது. மேசை லாச்சியை இழுத்துப் பார்த்தேன். இருந்தது. அதன் பற்றரி தனியே கழற்றிக் கிடந்தது. நானே கழற்றி வைத்ததுதான்.

திரையை மறுபடி பார்த்தேன். கையால் அடித்த இலக்கங்களுக்குப் பக்கத்தில் ‘கை’ என்று விழும். சுட்டவற்றுக்கு ‘ஸ்கேன்’ என்று விழும்.

‘ஸ்கேன்’ என்று விழுந்திருந்தது.

மெஷின் கோளாறு என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அப்போதுதான் அந்த மணம் வந்தது. பெற்றோல், இஞ்சின் எண்ணெய், நனைந்த கயிறு. வள்ளத்தில் ஏறியவர்களுக்குத் தெரியும். காகிதக் களஞ்சியத்துக்குள் அந்த மணத்துக்கு வேலையே இல்லை.

எழும்பி உள்ளே போனேன். ஏன் போனேன் என்று கேட்காதீர்கள். அந்த ஒன்றரை மாதமாக நான் எதையும் ஏன் என்று கேட்டுச் செய்யவில்லை. கால் போனது, நானும் போனேன்.

ஏழாம் றாக்கை. காய்ந்த சீமெந்து.

எட்டாம் றாக்கை. ஒரு துளி. கொஞ்சம் தள்ளி இன்னொரு துளி...

ஒன்பது.

கீழ்த்தட்டில் இரண்டு பக்கமும் பெட்டிகள். நடுவில் நான் சொன்ன அந்த இடம். வெறும் இடம். இரும்பு மட்டும் நனைந்து, அதில் கடல் மண் ஒட்டியிருந்தது. தொட்டுப் பார்த்தேன். குளிர்ந்தது.

ர்ர்ர்ர்...

போன் அதிர்கிற சத்தம். இரும்பில் வைத்த போன் அதிர்ந்தால் எப்படிக் கேட்குமோ, அப்படி. றாக்கை முழுக்க நடுங்கியது. என் உள்ளங்கையில் அந்த நடுக்கம் ஏறியது.

நின்றது.

ர்ர்ர்ர்...

மறுபடி நின்றது. மறுபடி தொடங்கியது. யாரோ விடாமல் எடுத்துக்கொண்டே இருந்தார்கள். ஆனால் அங்கே போன் இல்லை. குனிந்து பார்த்தேன். ஒன்றுமே இல்லை.

“சாள்ஸ்...”

நான்தான் கூப்பிட்டேன். குரல் என்னுடையது போல இல்லை.

 அந்த இடத்தின் இடப்பக்கத்துப் பெட்டி நகர்ந்தது. ஒரு விரற்கடை. பிறகு வலப்பக்கத்துப் பெட்டி. இடம் போதாமல் ஒருவன் ஒருக்களித்துப் படுத்தால்... அப்படி.

ர்ர்ர்ர்...

எனக்குப் பயம் வரவில்லை.

அதுதான் பயங்கரம்.

திரும்பி நடந்தேன். ஓடவில்லை. கதிரையில் உட்கார்ந்தேன். பதிவு திறந்தபடி இருந்தது. றொகான் சேர் சொன்னது ஞாபகம் வந்தது. அழிக்கிற பொத்தானை அழுத்தினேன்.

‘நிச்சயமாக அழிக்கவா?’

ஓம்.

3.31.

சத்தம் நின்றது. பாதியில், வெட்டிவிட்டது போல.

மணமும் இல்லை.

அதற்குப் பிறகுதான் பயம் வந்தது. எப்படி வாசலுக்கு வந்தேன் என்று தெரியாது. அஹமட் காக்கா என்னைப் பிடித்துக் கதிரையில் இருத்தினார்.

“என்ன முபாரிஸ், மொகமெல்லாம் வெளுத்துப் போயிருக்கு? தண்ணி குடி. யா அல்லாஹ், ஒடம்பு சில்லெண்டிருக்கே.”

நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அவரே ரோச் லைட்டோடு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார். ஒன்பதாம் றாக்கை காய்ந்துதான் கிடக்கிறது, தண்ணீரும் இல்லை, மண்ணும் இல்லை என்றார். “வெயிலுக்குள்ள சாப்பிடாம வந்திருக்கிறாய், அதுதான்” என்றார். நானும் ஓம் என்றேன். அன்று இரவு ஹவ்வா எனக்கு ஓதி ஊதினாள். தூங்கிவிட்டேன்.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியே இருக்க மாட்டேன். வெயில் என்றே வைத்துக்கொண்டிருப்பேன்.

மறுநாள் காலை களஞ்சியத்தைத் திறக்கப் போனபோது வாசலில் சுஜாந்தி நின்றாள். தலை விரிந்து கிடந்தது. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. சாள்ஸைக் கடல் கொண்டுபோன நாளில்கூட அவள் அப்படி இருக்கவில்லை.

“நானா, அவர் இஞ்ச வந்தவரா?”

“யாரு?”

“சாள்ஸ்.”

 அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“நேத்துப் பின்னேரம் சாப்பிட்டுக்கொண்டு இருந்தவர். கை சோத்துக்குள்ள. டக்கெண்டு எழும்பினார். ஆரோ கூப்பிட்ட மாதிரி. ஒண்டும் கதைக்கல்ல நானா. கையும் கழுவல்ல. அப்பிடியே வெளியில போனார்.”

“தங்கச்சி...”

“வள்ளம் கவிண்ட அந்த ஞாயித்துக்கிழமை ராவே வந்திட்டார். அண்டிலயிருந்து என்னோடதான் இருந்தார். ஆரிட்டயும் சொல்லாத எண்டவர். நான் மாமிட்டக்கூடச் சொல்லல்ல.”

“எத்தனை மணிக்கு எழும்பினான்?”

“மூண்டு மணி தாண்டி. நான் ஓடிப் பாத்தன், ஒழுங்கையில ஆளில்ல. போனுக்கு எடுத்தன். றிங் போச்சுது நானா! இவ்வளவு நாளும் நிண்டு கிடந்த போன், றிங் போச்சுது. எடுத்துக்கொண்டே இருந்தன். பிறகு நிண்டிட்டு.”

அந்த நடுக்கம் என் உள்ளங்கையில் மறுபடி வந்தது. அவளை உள்ளே கூட்டிப்போய் இருத்தினேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. மறைக்கிற தெம்பும் இல்லை. அவள் கணினித் திரையைப் பார்த்தாள்.

“திரும்ப என்னட்டத் தர ஏலாதா நானா? எடுத்த மாதிரியே?”

புதிதாகப் பதிவு ஒன்று திறந்தேன். தலைப்பில் சாள்ஸ் என்று அடித்தேன். எடுத்துச் செல்பவர் சுஜாந்தி என்று போட்டேன். வெளிப் பார்கோட் கட்டத்தில் வந்து நின்றுவிட்டேன். அந்த நீட்டு இலக்கம் இரண்டே இடத்தில்தான் இருந்தது. ஒன்று அவன் போனில் ஒட்டிய ஸ்டிக்கர். மற்றது நான் அழித்த பதிவு. ஞாபகத்தில் இருந்து எதை எதையோ அடித்துப் பார்த்தேன். அவள் ஒவ்வொரு தடவையும் தன் போனைக் காதில் வைத்துப் பார்த்தாள். நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது என்று அந்தப் பெண் சொல்வது எனக்கும் கேட்டது.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று தெரியாது. கடைசியில் அவள்தான் என் கையைப் பிடித்து விசைப்பலகையிலிருந்து எடுத்து விட்டாள்.

“எத்தினை மணிக்கு அழிச்சீங்க?”

“மூன்று முப்பத்தொன்று.”

“போன் நிண்டதும் அந்த நேரந்தான்.”

அவள் அழவில்லை. என்னை ஏசவும் இல்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பினாள்.

“அப்ப மாமிட்டச் சொல்றன், பூசை வைக்கச் சொல்லி.”

பூசை வைத்தார்கள். நானும் அஹமட் காக்காவும் போய்க் கோயிலுக்கு வெளியே நின்றோம். பிறகு எல்லோரோடும் சேமக்காலைக்கு நடந்தோம். உடம்பு இல்லாததால் சிலுவை மட்டும் நட்டார்கள். வெள்ளைச் சிலுவை, கறுப்புப் பெயின்ட் எழுத்து. பெயர், பிறந்த தேதி, இறந்த தேதி.

அவன் கடலுக்குப் போன நாள் ஊருக்கே தெரியும். சிலுவையில் இருந்தது அந்தத் தேதி இல்லை. ஒன்றரை மாதம் பிந்திய தேதி. அந்தப் போயா நாள்.

அல்பொன்சா அக்கா அதைப் பார்த்துப் பதறிவிட்டார். பெயின்ட்காரன் பிழையாக எழுதிவிட்டான், இப்போதே அழித்து எழுதச் சொல்லுங்கள் என்று எல்லோரிடமும் கெஞ்சினார். சுஜாந்தி அழிக்க விடவில்லை.